கழுவிய பானை

பானையில் காதை வைத்துக் கேட்கிற பழக்கமெல்லாம் திமோத்தியாவுக்கு முன்பு கிடையாது. கல்லோடு பிறந்து கல்லோடு வளர்ந்தவள் அவள். மலைமேல், புல்கூட யோசித்து யோசித்து முளைக்கிற சுரங்க ஊரில், ஆண்கள் குடைந்து வெளியே கொட்டுகிற கல்மேட்டில் குந்தி, சுத்தியலால் உடைத்து, வெள்ளீயம் ஒட்டிய துண்டைப் பொறுக்குவது அவள் வேலை. அவள் அம்மாவும் அதையேதான் செய்தாள். திமோத்தியாவின் புருஷன் சுரங்கத் தூசியில் நெஞ்சு அடைத்துச் செத்தான். அப்புறம் அரசாங்கம் சுரங்கத்தையே மூடியது. ஊர் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு திசைக்கொன்றாகப் போனது. திமோத்தியா ஒரு லாரியின் பின்னால் ஏறி எங்கள் பள்ளத்தாக்குக்கு, புனாத்தா ஊருக்கு, வந்து இறங்கினாள்.

மக்காச்சோளத்தை அவள் அதுவரை மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறாள். நாங்களோ சோளத்தைத் தின்கிறவர்கள் மட்டும் அல்ல, குடிக்கிறவர்கள். சோளத்தை முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, புளிக்கவைத்த சிச்சா இல்லாமல் எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியாது, செத்தவனைப் புதைக்கவும் முடியாது. பாட்டில் பீரைக் கொண்டுவந்து வைத்தால், "மாட்டுக்கு என்ன சீக்கு, மருந்து பாட்டிலோட வந்திருக்க?" என்று கேட்பார்கள்.

சந்தையில் அவள் வேர்க்கடலைச் சூப் விற்றாள். வெங்காய லாரி ஓட்டுகிற மெலிதோன் தினமும் வந்து குடித்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், அதிகம் பேசமாட்டான். ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க வீட்ல அடுப்பு அணைஞ்சே கெடக்கு" என்றான்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்? தீப்பெட்டி வேணுமா?" என்றாள் திமோத்தியா.

மெலிதோன் சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். அடுத்த மாதமே திமோத்தியா தன் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் அதில் அவசரம் கிடையாது. முதலில் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள். ஒத்துவந்தால் பாதிரியாரிடம் போவார்கள். ஒத்துவராவிட்டால் பெண் தன் சட்டியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான். திமோத்தியாவுக்கோ வந்த வழி என்று ஒன்று மிச்சமில்லை. அந்த ஊரில் இப்போது நாய்கூடக் குரைப்பதில்லை.

அவள் போன வீட்டில் காசிமிரா இருந்தாள். செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியும் இருந்தாள்.

காசிமிரா, மெலிதோனின் பெண்டாட்டி. புனாத்தாவிலேயே பேர்போன சிச்சாக்காரி. அவள் வாசல் கம்பில் வெள்ளைத் துணி ஏறினால் சிச்சா தயார் என்று அர்த்தம். தெருவில் சண்டை போடுகிறவர்கள்கூடப் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள். துணி இல்லாத அந்தக் கம்பு இன்னும் வாசலில் நின்றது. அவளுடைய ஊதாப் பாவாடை கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவள் குடித்த சுரைக்குடுவை அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்தது, அதை யாரும் தொடமாட்டார்கள். வழிப்போக்கர்கள் பழக்கதோஷத்தில் கதவைத் தட்டி, "காசிமிரா, இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போவார்கள். திமோத்தியா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கும்மா. ஆனா காசிமிரா கை வருமா?" என்பார்கள். அட, சோற்றைத் தின்றுவிட்டுச் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் இருக்கிற அளவுக்கு வெட்கம் கிடையாது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பின்கட்டு அறையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அங்கே காசிமிராவின் பானைகள் பாதி உயரத்துக்கு மண்ணில் புதைந்து வரிசையாக நின்றன. பெரிய வயிறும் குறுகிய வாயுமாக, ஆள் குந்தியிருப்பதுபோல. கதவைத் திறந்தால் ஒரு வாடை வரும். புளிப்பும் தித்திப்புமாக, வேலை முடித்து வந்த பொம்பளையின் கழுத்து வாடை. யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போனதுபோல இருக்கும். திமோத்தியாவுக்கு மயிர்க்கூச்செறியும். சுரங்கத்துக்குள் இருட்டில் இருக்கிற சாமிக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

வந்த புதிதில், மெலிதோன் லாரியோடு போயிருந்த ஒரு நாள், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அறைக்குள் புகுந்தாள். பானைகளைத் தோண்டி எடுத்து முற்றத்துக்கு உருட்டினாள். உள்ளே பழுப்பாக ஒரு வண்டல் காய்ந்து அப்பியிருந்தது. ஐயே, என்ன அழுக்கு! கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். சாம்பல், மணல், சோப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி, வாயை வெயிலுக்குக் காட்டிக் காயவைத்து, மறுபடியும் குழியில் இறக்கினாள். பானைகள் பளிச்சென்று ஆயின. வாடை போய்விட்டது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மெலிதோன் வந்து அறைக்கதவைத் திறந்தான், கொஞ்ச நேரம் நின்றான், மூடினான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். பாவம்.

*

எங்கள் பக்கம் செத்தவர்கள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. மூன்று வருஷம், நவம்பர் மாசத்து ஆத்மாக்கள் திருநாளில், உச்சிவெயில் நேரத்துக்கு வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் மேசை போட்டுப் படைக்கவேண்டும். மறுநாள் உச்சிவெயிலில் கிளம்பிப் போவார்கள். மூன்றாம் மேசைதான் கடைசி. அதோடு வழியனுப்பிவிட்டால் வீடு உயிரோடு இருப்பவர்களுக்குச் சொந்தம்.

காசிமிராவின் மூன்றாம் மேசை நெருங்கியது. சோளம் முளைகட்ட வேண்டிய சமயத்தில் அவளுடைய அக்கா எவரிஸ்தா வந்து சேர்ந்தாள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய தொப்பி, எல்லாவற்றையும்விடப் பெரிய வாய். வந்தவள் உட்காரவில்லை.

"மேசைக்கு என்ன சிச்சா வெக்கப்போற?" என்று மெலிதோனைக் கேட்டாள்.

"வாங்கிக்கலாம்னு..."

"வாங்கிக்கலாமா? எந்தங்கச்சிக்கு, அவ வீட்டுல, அடுத்தவ காய்ச்சின சிச்சாவா? நல்லாருக்குடா உன் நியாயம்! வீட்டுச் சிச்சாதான் வெக்கணும். வீட்டுல இருக்குற பொம்பளதான் காய்ச்சணும்." அப்புறம்தான் திமோத்தியா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, கல்லு ஒடைக்கிறவளே. நீதான இப்ப இந்த வீட்டுப் பொம்பள?"

"ஆமா அக்கா. கத்துக் குடுங்க, காய்ச்சுறேன்."

"நானா? எந்தங்கச்சி பாயில படுக்க நான் கத்துக் குடுத்தேனா? அவ அடுப்புல ஒக்கார நான் கத்துக் குடுத்தேனா? அதெல்லாம் தானா வந்துச்சுல்ல, இதுவும் வரட்டும்."

திமோத்தியாவுக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்" என்றாள் எவரிஸ்தா, வாசலில் நின்று. "அவ தாகம் தீரலன்னா, போகமாட்டா. இங்கயேதான் ஒக்காந்திருப்பா. அவ போகாத வீட்டுல இன்னொருத்தி கல்யாணம் பண்ணிக்கிட முடியாது. மெலிதோன், கேட்டுக்கிட்டியா?"

மெலிதோன் தரையைப் பார்த்தான். "கேட்டுச்சு" என்றான்.

அதுதான் திமோத்தியாவை உலுக்கியது. கிழவி மாதிரி மிரட்டுகிறாளே என்று அவன் சிரித்திருந்தால் இவளும் சிரித்திருப்பாள். அவன் நம்பினான். ஊரும் நம்பும். சிச்சா கெட்டுப்போனால் காசிமிரா இவளை ஏற்கவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் சட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

*

கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். கற்றுக்கொடுக்க ஊரே வந்தது, அதுதான் தொல்லை. பக்கத்து வீட்டுக்காரி சோளத்தை ஊறவைத்து வைக்கோலில் மூடு என்றாள். எதிர்வீட்டுக்காரி வைக்கோல் போட்டால் பூசணம் பிடிக்கும், இலை போடு என்றாள். மெலிதோனின் கொம்பாத்ரே தொரீபியோ, அதாவது தன் பிள்ளைக்கு மெலிதோனை ஞானத்தகப்பனாக நிறுத்தி உறவானவன், தினமும் வந்து குந்திக்கொண்டு யோசனை சொன்னான். சிச்சா விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது குடிப்பது மட்டும்.

"தங்கச்சி, கிண்டுறப்ப கோவப்படாத. சிச்சாவுக்குக் காது உண்டு. கோவத்துல காய்ச்சினா புளிச்சுப்போகும்" என்றான்.

"அப்ப நீங்க எந்திரிச்சுப் போங்க அண்ணே. நீங்க இங்க இருக்குற வரைக்கும் எனக்குக் கோவம் வந்துகிட்டேதான் இருக்கும்."

"காசிமிராவும் இப்படித்தான் திட்டுவா" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். அவளுக்குத் துடுப்பால் ஒன்று போடலாமா என்றிருந்தது.

முதல் முளை பூசணம் பூத்து நாறியது. அள்ளிக் கோழிக்குப் போட்டாள். கோழிகூட மூக்கைத் திருப்பியது. இரண்டாவது முறை தன் போர்வையையே போர்த்தி, வெதுவெதுப்பாக வைத்திருந்தாள். வெள்ளை வெள்ளையாக முளை நீண்டு, வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தூக்கினால் பாய் மாதிரி வந்தது. கல்லைத் தவிர எதையும் அறியாத கை, ஒன்றை முளைக்கவைத்திருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காயவைத்தாள், அரைத்துவந்தாள், வாயகன்ற தாழியில் சுடுதண்ணீர் விட்டு மாவைக் கரைத்தாள், தெளியவிட்டாள், மேலே நின்ற தெளிவை மொண்டு செப்புக் கொப்பரையில் ஊற்றி, விறகடுப்பில் பகல் முழுக்கக் கொதிக்கவிட்டாள். முகம் வெந்து சிவந்தது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தால், அடடா, கருப்பட்டிப் பாகு தோற்றது!

ஆறியதும் காசிமிராவின் பானை ஒன்றில் பாதியை ஊற்றித் துணியால் வாயை மூடினாள். மீதி கொப்பரையிலேயே இருந்தது.

"இனி என்ன பண்ணணும்?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுவா பேசும். காதை வெச்சுக் கேளு, உள்ள முணுமுணுன்னு கேக்கும். பேச ஆரம்பிச்சுடுச்சுன்னா சிச்சா பொறந்துடுச்சுன்னு அர்த்தம்."

மறுநாள் காலை கேட்டாள். சத்தமில்லை. மத்தியானம் கேட்டாள். இல்லை. அதற்கடுத்த நாள் துணியை விலக்கிப் பார்த்தாள். நுரை இல்லை, குமிழி இல்லை. வைத்த தண்ணீர் வைத்தபடி அசையாமல் கிடந்தது. அதில் தன் முகம் தெரிந்தது. அந்த ஊதாப் பாவாடை நிறத்தில் ஏதோ நிழல் பின்னால் ஆடியதுபோல இருக்க, விலுக்கென்று திரும்பினாள். யாரும் இல்லை.

பயம் பிடித்துக்கொண்டது. காசிமிராதான் பானையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. சுரங்கத்துச் சாமிக்குச் செய்வதுபோலப் பானையடியில் சாராயம் ஊற்றினாள், கோக்கா இலை வைத்தாள், கொஞ்சினாள். அசையவில்லை. அதற்குமேல் தாங்காமல், "ஏண்டி, ஏன் இப்படிப் பண்ற? உம் புருஷன நானா பறிச்சேன்? உன்னய நானா கொன்னேன்? ஒரே ஒருதடவ வாயத் தொறடி!" என்று பானையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சுவரில் அவள் குரல் மோதி அடங்கியது. பானை மூச்சு விடவில்லை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் தொரீபியோ பின்கட்டுக்கு ஓடிவந்தான். "என்ன தங்கச்சி, யாரு?" என்றவன், பானைக்குள் எட்டிப் பார்த்தான். கையை விட்டு உள்சுவரைத் தடவினான். அவன் முகம் மாறியது.

"இதை யாரு கழுவுனா?"

"நாந்தான். வந்த புதுசுல. ஒரே அழுக்கா இருந்துச்சே."

"எதைப் போட்டு?"

"சோப்பு. சுண்ணாம்பு. நல்லா கொதிக்கிற தண்ணி."

தொரீபியோ தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றி அவள் பார்த்ததே இல்லை. "அடிப்பாவி" என்றான் மெதுவாக. திட்டவில்லை, அழுகிறவன்போலச் சொன்னான். "சிச்சாப் பானைய யாராச்சும் கழுவுவாங்களா? பச்சத்தண்ணில ஒரு அலசு, அவ்வளவுதான். அந்த வண்டல்தானம்மா உயிரு. அதுதான் அடுத்த சிச்சாவ எழுப்பும். அவங்கம்மா வீட்டுலருந்து காசிமிரா கொண்டுவந்தது அது. ஒவ்வொரு தடவையும் அதுக்கே ஊத்தி ஊத்தி... காசிமிரா கை, காசிமிரா கைன்னு ஊரே சொல்லுச்சே, அந்தக் கை இந்தப் பானைக்குள்ளதான் இருந்துச்சு."

திமோத்தியா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுரங்க ஊரில் பானை என்றால் கழுவவேண்டும், அழுக்கு என்றால் நோய். அதுதான் அவளுக்குத் தெரியும். அந்த வாடை. கழுத்து வாடை. அவள் தேய்த்துத் தேய்த்து முற்றத்துச் சாக்கடையில் ஓடவிட்டது அது. அந்த வீட்டில் காசிமிராவை அன்றைக்குத்தான் கொன்றிருக்கிறாள்.

சாயங்காலம் மெலிதோன் வந்ததும் தானே சொல்லிவிட்டாள். மறைத்துவைக்கிற சாமர்த்தியம் அவளுக்கு வராது. அவன் பின்கட்டுக்குப் போய்ப் பானையின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றான்.

"தெரியும்" என்றான். "அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீ வீட்டச் சுத்தம் பண்ண. தப்பா அது? புதுசா எப்படியும் எழும்னு நெனச்சேன்." பானை விளிம்பிலிருந்து கையை எடுத்தான். "அவ போன பொறவு, லாரிய நிறுத்திட்டு வந்து, சும்மா இந்த ரூமுக்குள்ள கொஞ்சநேரம் நிப்பேன். அவ வாடை அடிக்கும். அவ்வளவுதான். வேறொண்ணுமில்ல."

அவன் திட்டியிருந்தால் திமோத்தியா பதிலுக்குத் திட்டியிருப்பாள். அந்தச் செத்தவள்மேல் அவளுக்கு முதல்முறையாகப் பொறாமை போய் இரக்கம் வந்தது. அவன்மேலும் வந்தது, தன்மேலும் வந்தது.

"வேற வீட்டுல வண்டல் கேக்கலாம்ல?" என்றாள்.

"கேக்கலாம். அது அந்த வீட்டுச் சிச்சாவாத்தான் இருக்கும். ஒரு மடக்குல எல்லாரும் கண்டுபுடிச்சுருவாங்க." கொஞ்சம் தயங்கினான். "காசிமிராவோடது ஒரே ஒரு எடத்துல இருக்கு. எவரிஸ்தா வீட்டுல. ஒரு தடவ அவ வண்டல் செத்துப்போய், காசிமிராதான் ஒரு குடுவை குடுத்தா. நான் போனா கதவைத் தொறக்கமாட்டா."

"நான் போறேன்" என்றாள் திமோத்தியா.

*

எவரிஸ்தா முற்றத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மேசைக்குப் படைக்கிற ரொட்டிப் பொம்மைகள், செத்தவர் ஏறி வர ரொட்டி ஏணி, எல்லாம் பலகையில் வரிசையாக இருந்தன. திமோத்தியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சோப்பு, சுண்ணாம்பு, கொதிதண்ணீர், ஒன்றையும் விடவில்லை.

எவரிஸ்தாவின் கை மாவுக்குள் நின்றுபோயிற்று. பிறகு அவள் ஆரம்பித்தாள், பாருங்கள்! எங்கள் ஊரில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் வந்தது. கல்லுடைக்கிறவள், ஈயம் தின்னி, மலைக்கழுதை, புருஷனை விழுங்கினவள், வீட்டை விழுங்கினவள். திமோத்தியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

அடுப்படிக்குள்ளிருந்து வந்தது. முணுமுணுவென்று, நிறுத்தி நிறுத்தி, யாரோ வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பேசுவதுபோல. கூடவே அந்த வாடை. அதே கழுத்து வாடை.

திமோத்தியா அடுப்படி வாசலுக்கு நகர்ந்தாள். "அக்கா... அது அவதான?" என்றாள்.

எவரிஸ்தாவின் வசவு பாதியில் அறுந்தது. மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷமா காலையில எந்திரிச்சதும் அதுகிட்டதான் பேசுறேன்" என்றாள். பெரிய உருவம் திடீரென்று சின்னதாகிவிட்டது. "வெங்காயம் என்ன வெல, யார் வீட்டுல கல்யாணம், எல்லாம் சொல்லுவேன். அது பாட்டுக்கு முணுமுணுக்கும். எம் மருமவளுக்கு நான் கிறுக்கி. உனக்கும் கிறுக்கியாத்தான் தெரிவேன்."

"இல்ல அக்கா. நானும் பேசுனேன். எனக்குத்தான் பதில் வரல."

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "அதுல ஒரு குடுவை வண்டல் குடுங்க அக்கா" என்றாள் திமோத்தியா.

"குடுத்தா, நீ மறுபடியும் சாவடிப்ப" என்றாள் எவரிஸ்தா.

"மாட்டேன்."

"மேசை முடிஞ்சதும், புருஷன் உனக்குன்னு ஆனதும், எதுக்கு இவ இங்கன்னு தோணும். தோணாதா?"

திமோத்தியா பொய் சொல்லத் தெரியாதவள். "தோணும்" என்றாள்.

எவரிஸ்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். "கேட்டுக்க. பானையக் காயவிடக் கூடாது. மாசத்துக்கு ஒருதடவயாச்சும் காய்ச்சி ஊத்தணும். உன் ஒடம்புல தெம்பு இருக்குற வரைக்கும். காஞ்சா அவ செத்தா. சத்தியம் பண்ணு."

உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும். ஒரு வீட்டில், ஒரு அடுப்படியில், இன்னொருத்தியோடு. அவளுக்குச் சோறு போட்டு, அவள் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு. அந்த வீட்டில் இருக்கவேண்டும் என்றால் அதுதான் விலை.

"சத்தியம்" என்றாள் திமோத்தியா.

வண்டல் கெட்டியாக, சாம்பல் நிறத்தில், சுரைக்குடுவையில் வந்தது. "உள்சுவர் பூரா கையாலயே தடவு. கரண்டி ஆகாது. வழியில நிக்காத. யாரு கூப்புட்டாலும் திரும்பாத" என்றாள் எவரிஸ்தா.

குடுவையைப் போர்வைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டதில் உள்ளே குமிழி கிளம்பி, அவள் நெஞ்செலும்பில் தட்டித் தட்டி உடைந்தது. பிள்ளை உதைப்பதுபோல இருந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்ததே இல்லை. தெருவில் யாரோ, "காசிமிரா வீட்டம்மா!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. மார்புக்குள் ஒன்று துள்ளியது.

முதலில் பானையிலிருந்த அசையாத பாகைக் கொட்டிவிட்டு, அதைப் பச்சைத்தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசிச் சுண்ணாம்பைப் போக்கினாள். வண்டலைத் தடவும்போது, கல் கிழித்த பழைய காயங்களில் எல்லாம் சுரீர் சுரீரென்று எரிந்தது. கொப்பரையில் மிச்சமிருந்த பாகைத் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, ஆற்றி, ஊற்றினாள். துணியைப் போட்டாள். மெலிதோனும் வந்து பக்கத்தில் குந்தினான்.

பொழுது சாய்வதற்குள், உள்ளே ஒரு சொட்டு உடைந்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு, மெல்ல, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதுபோல, பானை பேசத் தொடங்கியது. மெலிதோன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். திமோத்தியா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

*

திருநாள் வந்தது. கறுப்புத் துணி விரித்த மேசையில் காசிமிராவின் போட்டோ, ரொட்டிப் பொம்மைகள், ஏணி, கரும்பு, அவளுக்குப் பிடித்த மிளகாய்க் கோழி, நடுவில் சிச்சா. உச்சிவெயிலில் ஒரு பெரிய ஈ வந்து அவளுடைய பழைய குடுவையின் விளிம்பில் உட்கார்ந்தது. "வந்துட்டா" என்றார்கள். யாரும் ஈயை விரட்டவில்லை.

எவரிஸ்தா முதல் குடுவையை எடுத்தாள். மண்ணுக்குக் கொஞ்சம் சிந்தினாள். கூட்டம் அவள் தொண்டையையே பார்த்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காசிமிரா" என்றாள். "எந்தங்கச்சிதான்."

அவ்வளவுதான், வீடே அழுதது. குடித்தார்கள், அழுதார்கள், மறுபடியும் குடித்தார்கள். "இதே கை! இதே கைதான்!" என்றான் தொரீபியோ. ஜெபம் சொல்ல வந்தவர்கள் ஜெபத்தை மறந்து குடுவையை நீட்டினார்கள். விறகுப்புகையில் வெந்தவள் யார், போர்வையைக் கொடுத்துவிட்டுக் குளிரில் படுத்தவள் யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

மறுநாள் உச்சிவெயிலில் வழியனுப்பினார்கள். வாசலில் நின்று, "போய்ட்டு வான்னு சொல்லமாட்டோம்மா, நிம்மதியாப் போ" என்று எவரிஸ்தா உரக்கச் சொன்னாள். மேசையைக் கலைத்தார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஊதாப் பாவாடையை மெலிதோனே எடுத்து எவரிஸ்தாவிடம் கொடுத்தான். பிறகு எல்லார் முன்னாலும் திமோத்தியாவின் கையைப் பிடித்தான்.

"ஊர்த் திருவிழாவுக்கு முன்னாடி பாதிரியார்கிட்ட போறோம்" என்றான்.

"சிச்சா யாரு காய்ச்சுறது, பொண்ணேவா?" என்று தொரீபியோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். திமோத்தியாவும் சிரித்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை. இனி எங்கேயும் போகவேண்டியதில்லை.

சிச்சா தீர்ந்துவிட்டது, இன்னும் இருக்கிறதா பார் என்றார்கள். அவள் அடுப்படி வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். அடுப்பில், பாத்திரம் கழுவ யாரோ வைத்த பெரிய தண்ணீர்க் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரியாமலே அதைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

பானை காலி. அடியில் மட்டும் வண்டல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெளியே வாசலில் எல்லாரும், போய்விட்டாள், நல்லபடியாகப் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பானைக்குள் குமிழி ஒன்று உடைந்தது. இன்னொன்று. முணுமுணு, முணுமுணு.

கெட்டில் கனத்தது. மூக்கிலிருந்து ஆவி சீறியது. ஒரு சாய்ப்புச் சாய்த்தால் போதும். பாதிரியாரிடம் போவதாக ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டது, மேசை முடிந்துவிட்டது, வண்டல் தானாகச் செத்துவிட்டது என்றால் நம்பத்தான் வேண்டும். இந்த வீடு அவளுக்கே அவளுக்கு ஆகிவிடும். அந்த வாடை இல்லாமல், அந்தப் பேச்சு இல்லாமல். அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பானை பேசிக்கொண்டே இருந்தது. அதற்குப் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

திமோத்தியா கெட்டிலைத் தரையில் வைத்தாள். தொலைவாகத் தள்ளி வைத்தாள். அடுப்படிக்குப் போய், யாரும் தொடாத அந்தக் குடுவையைச் சுவரிலிருந்து எடுத்து, கொப்பரையில் ஒட்டியிருந்த கடைசிப் பாகை அதில் வழித்து, தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். பானையின் வாயில் மெல்லச் சாய்த்தாள்.

"எல்லாரும் உன்னய அனுப்பிட்டாங்க" என்றாள். "குடி. நாளைக்கும் தாரேன்."